அந்த வளைவில் ஏன் எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள்?

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது எல்லாம் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும் பெயரும் நட்சத்திரமும்தான். இதைத் தட்டச்சு செய்யப்போகும் ஆசிரியை பிழைகளைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார். பிழையைத் திருத்துங்கள், நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். பாடாங் மேஹா பக்கத்துச் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் மிச்சம் இருக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய்த் தமிழ்ப்பள்ளியில் விடுவேன். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எனக்குச் சபையில் பேச வராது. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகும். வேனில் பரவாயில்லை. அங்கே எல்லாரும் என் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

பள்ளி நூலகத்துக்குப் பேய்க்கதைகள் சேர்க்கிறார்களாம். வேனில் நடந்ததைப் பிள்ளைகள் போய் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இந்த வாரச் சபைகூடல்ல வந்து நீங்களே சொல்லிருங்க. மைக் தரேன்" என்றார். மைக் என்றதும் எனக்கு வியர்த்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். தப்பித்த பிறகுதான் தெரிந்தது, எழுதுவது அதைவிடக் கஷ்டம்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வேன் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் செம்பனை மேடு. மறுபக்கம் ஒரு பழைய பலகை வீடு. அந்த வளைவுக்கு வரும் எந்த வண்டியும் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் போகும். செம்பனைப் பழக்குலை ஏற்றிப் போகும் லோரி அடிக்கும். உர லோரி அடிக்கும். ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள்கூட அடிக்கும். நானும் அடிப்பேன்.

வளைவு என்றால் ஹார்ன் அடிப்பது வழக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அதே சாலையில் அதைவிட மோசமான வளைவுகள் உண்டு. எதிரே யானை வந்தாலும் தெரியாத வளைவுகள். அங்கெல்லாம் யாரும் அடிப்பதில்லை. இந்த வளைவு பெயருக்குத்தான் வளைவு. எதிரே வரும் வண்டி தூரத்திலேயே தெரியும். இருந்தாலும் இங்கேதான் அடிப்பார்கள்.

எனக்கு முன்னால் அந்த வேனை ஓட்டியவர், வேலையை விடும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து வழி காட்டினார். எந்த வீட்டுப் பிள்ளை தாமதமாக வரும், எந்த வீட்டு நாய் டயரைக் கடிக்கும் என்றெல்லாம் சொன்னவர், அந்த வளைவு வந்ததும், "இங்க ரெண்டு அடி அடிச்சிட்டுப் போ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இந்தப் பக்கம் பெண் கட்டிக்கொண்டு வந்தவன். வந்த இடத்தில் எதற்கு வீண் கேள்வி என்று இருந்துவிடுவேன். அடி என்றார், அடித்தேன். வருடங்கள் ஓடிவிட்டன.

கேள்வி கேட்க ஒரு பிள்ளை வந்தது போன வருடம்தான்.

அவள் அப்போது நான்காம் ஆண்டு. சுங்கை பட்டாணி அடுக்குமாடி வீட்டிலிருந்து அவளும் அவள் அம்மாவும் அந்தப் பலகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்குக் குலிம் தொழிற்சாலையில் வேலை. காலையில் தொழிற்சாலை பஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும். கொஞ்ச நேரம் கழித்து என் வேன் போகும். நம் பக்கம் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னும் விடிந்திருக்காது, உங்களுக்கே தெரியும். செம்பனை மட்டைகளுக்கு நடுவே பனி தொங்கும். அந்த இடைவெளியில் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பாள்.

வேனில் அப்போது ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் இருந்தான். கடைசி இருக்கை அவனுடையது. வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவன்தான் முடிவு செய்வான். அவள் ஏறிய முதல் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"ஏய் புதுசு, நீ ஹார்ன் வீட்டுலயா இருக்க?"

"என்னா ஹார்ன் வீடு?"

"ஐயோ, இதுகூட தெரியாதா? அங்க ஏன் எல்லா வண்டியும் ஹார்ன் அடிக்குதுன்னு நெனச்ச? அது ரோட்ட கடக்கும் லா. அடிச்சாதான் வழி விடும்."

"எது?"

"எதுன்னு சொன்னா தூங்க மாட்ட."

முன்னால் உட்கார்ந்திருந்த முதலாம் ஆண்டுச் சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும் சொல்லாத. எனக்கும் தூங்கணும்."

மறுநாளிலிருந்து புதுப் பெண்ணின் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டார்கள், அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டார்கள். நான் கண்ணாடியில் பார்த்து, "ஏன்டா, அங்க எடம் இருக்குல்ல?" என்றேன்.

"அதுல ஆளு இருக்கு அங்கிள்" என்றான் பையன். "அவ கூடவே ஏறி வருது. டிக்கெட்டு இல்லாம."

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் வேனில் ஏறும்போது காலி இருக்கைக்கு வரிசையாக "குட் மார்னிங்" சொல்ல ஆரம்பித்தார்கள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் எல்லாரும் இறங்கிய பிறகு, கடைசியாக அவள் வீட்டுக்குப் போகும் வழியில், அவளே பேசினாள்.

"அங்கிள், நீங்களும்தான் ஹார்ன் அடிக்கிறீங்க. நீங்க ஏன் அடிக்கிறீங்க?"

"கை தானா அடிக்குதும்மா."

"அப்ப ஒங்க கைகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

கிண்டல் செய்கிறாளோ என்று கண்ணாடியில் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்த வாரமே, வேலைக்கு லீவு போட்டிருந்த ஒரு நாள், அவள் அம்மா என்னைக் கேட்டருகே நிறுத்தினார்.

"அண்ணே, வேன்ல என்னாண்ணே நடக்குது? நான் பஸ் ஏறுனா இவ மூஞ்ச பாக்க முடியல. அழுவுறா. பஸ்ல ஒக்காந்து நானும் அழுவுறேன். இப்படியே போச்சினா, பள்ளி லீவு வந்ததும் செர்டாங்ல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். அங்க எப்பவும் ஆளு இருக்கும். அங்கயே படிக்கட்டும். எனக்கு வேற வழி தெரியல."

"நான் போமாட்டேன்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எனக்குப் பேய் பயம் இல்ல. செர்டாங்குதான் பயம்."

அம்மாவை விட்டுப் போகப் பயம் என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். அது அவள் அம்மாவுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. பள்ளி விடுமுறைக்கு அதிக நாள் இல்லை.

அன்றுதான் நான் கேட்க ஆரம்பித்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அது பெரிய காரியம். முதலில் ரொட்டி பாயைக் கேட்டேன். மோட்டாரில் பின்னால் பெட்டி கட்டி ரொட்டி விற்கிறவர்.

"அது ஒனக்குத் தெரியாதா?" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒரு பொம்பள. வெள்ளச் சேலை. கையில கொழந்த. கை காட்டி, என்னயும் ஏத்திக்கன்னு தும்பாங் கேக்கும். ஏத்திக்கிட்டா போச்சி. ஹார்ன் அடிச்சா ஒதுங்கிக்கும்."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

"நான் எங்க பாத்தேன்? குலை லோரிக்காரன் பாத்திருக்கான்."

குலை லோரி ஓட்டுகிறவரை சாலையோரத் தேநீர் ஒட்டுக்கடையில் பிடித்தேன். அவர் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். "பொம்பளயா? யாரு சொன்னா? அது தொர அண்ணே. வெள்ளக்காரன். தல இல்ல. குதிரையில வருவான்."

"தல இல்லாம வெள்ளக்காரன்னு எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூட்ஸ் போட்டிருப்பான்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. உரம் போடுற பொம்பளைங்க பாத்திருக்காங்க."

உரம் போடும் பெண்களில் மூத்தவரைக் கேட்டேன். அவர் தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. பந்து மாதிரி ஒன்னு. கறுப்பா. உருண்டு வந்து டயருக்கு அடியில பூந்துக்கும். அப்பறம் வண்டி நகராது."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"நாங்க ஏன் பாக்குறோம்? நம்ம ரொட்டி பாய் இருக்காருல்ல, அவரு பாத்திருக்காரு."

இதை எல்லாம் நான் வேனில் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தலை இல்லாத துரைக்கா, உருளும் பந்துக்கா, யாருக்குப் பலம் அதிகம் என்று பள்ளி வரைக்கும் சண்டை. குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொம்பளை எப்படிச் சண்டை போடுவாள் என்று முதலாம் ஆண்டுச் சிறுமி கவலைப்பட்டாள். புதுப் பெண் மட்டும் விரலால் சன்னல் கண்ணாடியில் ஏதோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், ரொட்டிக்காரர் லோரிக்காரர சொன்னாரு. லோரிக்காரர் ஆன்ட்டிய சொன்னாரு. ஆன்ட்டி ரொட்டிக்காரர சொன்னாங்க. சுத்தி சுத்தி வருது. அப்ப யாருமே பாக்கலயே?"

"பாத்தவங்க உயிரோட இருக்க மாட்டாங்க லா" என்றான் பின்னாலிருந்து பையன்.

ஆனால் அவள் போட்ட வட்டம் என் மனதில் நின்றுவிட்டது. பேய் ஆளுக்கு ஓர் உருவமாக இருக்கிறது. ஹார்ன் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இரண்டு. அப்படி என்றால் பேய்க்கு முன்னாலேயே ஹார்ன் வந்திருக்க வேண்டும் இல்லையா?

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியும் இல்லை, அவள் அம்மாவுக்கும் லீவு. வீட்டு ஓரத்தில் ஆள் உயரம் வளர்ந்திருந்த புல்லை வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். புல் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலிக்கு வெளியே, சாலை ஓரமாக வெட்டிக்கொண்டு வரும்போது டங்கென்று சத்தம். கத்தி தெறித்துவிட்டது. புல்லை விலக்கிப் பார்த்தால் சிமெண்டு மேடை. முழங்கால் உயரம். சாலைப் பக்கம் மட்டும் கேக்கை வெட்டியது போல நறுக்கப்பட்டிருந்தது. மேலே எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. நடுவில் மூன்று இரும்புத் துண்டுகள், அறுத்து எடுத்த அடிப்பகுதி மாதிரி, துருப்பிடித்து நின்றன.

அவள் மண்ணைக் கிளறி ஒன்றை எடுத்தாள். சுட்ட மண்ணால் செய்த கால். குளம்பு தெரிந்தது.

"அம்மா, இது டைனோசர் காலா?"

"குதிரைக் காலு" என்றேன் நான். காவல் தெய்வத்துக்கு நேர்ந்து வைக்கும் மண்குதிரை, தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். குலிம் டவுனில் வளர்ந்த என் மனைவி மட்டும், "அப்ப அந்தத் தொர குதிரையில வந்தது நெசமா?" என்று இரண்டு அடி பின்னால் போனாள்.

மறுநாள் டவுனுக்குப் போகும் சாலையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ இந்தப் பக்கத்து ஆளு இல்லல்ல? அது நம்ம முனியாண்டி இருந்த எடம்ப்பா. ரோட்ட பெருசாக்க வந்தாங்க. வளைவ நிமித்தணும்னாங்க. சாமிய எடுத்துக்கிட்டு வந்து இங்க வச்சிட்டோம். அப்பல்லாம் எந்த வண்டி போனாலும் சாமிக்கு ரெண்டு ஹார்ன் அடிச்சிட்டுத்தான் போவும். வழித்தொணைக்கு."

"இப்பவும் அடிக்கிறாங்க."

"எங்க?"

"அங்கதான். அதே எடத்துல."

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தியா! சாமி இங்க வந்து ஒக்காந்து எவ்ளோ காலமாச்சி! இந்த வாசல்ல ஒருத்தன் அடிக்கிறானா? ஒரு பயலும் அடிக்கிறதில்ல. காலி எடத்துக்கு அடிச்சிட்டு, இங்க ஊமையாட்டம் போறானுங்க! நீயும் அப்படித்தான் போறியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பழகிய டிரைவர்கள் அடித்தார்கள். அந்த டிரைவர்களைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் அடித்தார்கள். சாமி இருந்தது அவர்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாமல் ஒரு காரியத்தை எத்தனை நாள் செய்ய முடியும்? ஆளுக்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒருவருக்குப் பொம்பளை, ஒருவருக்குத் துரை, ஒருவருக்குப் பந்து.

மறுநாள் வேனைக் கிளப்பும் முன் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். அங்கே பேயே இல்லை, சாமி இருந்த இடம், இனி யாரும் அவளைக் கிண்டல் செய்யக்கூடாது என்று முடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடைசி இருக்கையிலிருந்து பையன் மெதுவாகக் கேட்டான்.

"சாமி அங்க இப்ப இல்ல?"

"இல்லப்பா. அவர் கோயிலுக்குப் போயிட்டாரு."

"அப்ப அந்த எடம் காலி."

"ஆமா."

"அங்கிள், காலி வீட்டுல என்னா அங்கிள் வரும்? சாமி இருந்த வரைக்கும் அதுங்க கிட்ட வந்திருக்காது. இப்ப யாரு கேக்கப் போறா? எல்லாம் வந்து ஒக்காந்திருக்கும் லா!"

முதலாம் ஆண்டுச் சிறுமி ஓவென்று அழுதுவிட்டாள். மற்றவர்கள் புதுப் பெண்ணிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஓர் இருக்கை காலியாக இருந்தது இரண்டு இருக்கை ஆனது. நல்லது செய்யப் போய் நான் பேய்க்கு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் அவளை இறக்கிவிடும்போது, செர்டாங்குக்குக் கொண்டுபோகும் துணிப்பையை அம்மா எடுத்து வெளியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். அழவில்லை. மறுநாள் காலையில் வேனில் ஏறியதும் நேராக என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அங்கிள், ஹார்ன் அடிக்கிறது வணக்கம் சொல்ற மாதிரிதானே?"

"ஆமாம்மா."

"வணக்கம் சொன்னா பதில் சொல்லணும்ல? இவ்ளோ வருஷமா எல்லாரும் சொல்லிக்கிட்டே போறாங்க. ஒருத்தருமே பதில் சொல்லலயே."

"யாரும் இல்லாத எடம்தானம்மா."

"அதான் பிரச்சன. எடம் காலியா இருக்கு. நான் அங்க நிக்கட்டா?"

அம்மாவைக் கேட்டுக்கொண்டு செய் என்றேன். அன்று சாயங்காலம் அம்மா கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தாராம். மேடை சாலையைவிட உயரமாக, வேலியை ஒட்டித்தான் இருந்தது. "வெளங்காத பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சரி என்றாராம். மறுநாளிலிருந்து, அம்மாவின் பஸ் போன பிறகு, அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. மேடைமேல் ஏறி நின்றாள். எந்த வண்டி ஹார்ன் அடித்தாலும் கையை உயர்த்தி ஆட்டினாள். குலை லோரிக்கு ஆட்டினாள். உர லோரிக்கு ஆட்டினாள். ரொட்டி பாய் முதல் நாள் பயந்துபோய் மோட்டாரை ஓரமாக இழுத்துவிட்டாராம். இரண்டாம் நாளிலிருந்து அவரும் கையாட்டினார். நான் போய் இரண்டு அடி அடித்தால் எனக்கும் ஆட்டிவிட்டு, இறங்கி வந்து ஏறுவாள்.

வேனில் பழைய கதைதான். இரண்டு இருக்கை காலி.

விடுமுறைக்கு முந்தைய வாரம், ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்காரப் பையன். குலை லோரி ஓட்டப் புதிதாக வந்தவன். பண்டார் பாருப் பக்கத்து ஆள். கையில் இருந்த கிளாஸ் ஆடிக்கொண்டிருந்தது. "பாச்சிக், அந்த வளைவைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா?" என்று, என்னை மாமா முறை வைத்து, மலாயில் கேட்டான்.

தெரியாதது போல, "என்ன வளைவு?" என்றேன்.

பனி மூட்டமாக இருந்ததாம். முன்னால் போன லோரி இரண்டு ஹார்ன் அடித்ததாம். இவனும் அடித்தானாம். உடனே புல்லுக்கு மேலே ஒரு சின்னப் பெண். இரட்டைச் சடை, வெள்ளைச் சட்டை, நீல நிறக் கவுன். கால் தரையில் படவே இல்லை. இவனைப் பார்த்துக் கையை ஆட்டியது. கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தால், புல்லுக்கு மேலே யாருமே இல்லை. அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒன்றையும் கேட்டேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

மறுநாள் காலை வேனில் இதைச் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

"கால் தரையில படலயா?" என்று பையன் கேட்டான்.

"படலயாம்."

"திரும்பிப் பாத்தா காணோமா?"

"காணோமாம்."

"அங்கிள்" என்று புதுப் பெண் குரல் கொடுத்தாள். "அது நான்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"நீ... பேயா?" என்றான் பையன்.

"ஆமா. சிமெண்டு மேல நின்னா கால் எப்படித் தரையில படும்? திரும்பிப் பாத்தப்ப நான் வேன்ல ஏறிட்டேன். ஒங்க கூடத்தான ஒக்காந்திருந்தேன்!"

முதலாம் ஆண்டுச் சிறுமி சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு மற்றவர்களைத் தொற்றிக்கொண்டது. என்னால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, ஓரமாக நிறுத்தினேன். ஒரு பெரிய லோரி டிரைவரை, கிளாஸ் ஆடும் அளவுக்கு, நம் வேன் பிள்ளை ஒருத்தி பயமுறுத்தியிருக்கிறாள். அதுவும் கையை ஆட்டியே. ஆறாம் ஆண்டுப் பையன் இரண்டு வருடமாகச் சொன்ன எந்தக் கதையும் ஒரு பெரிய ஆளை அப்படி ஆட்டியதில்லை. அது அவனுக்குத் தெரியும்.

"நானும் ஒரு நாள் நிக்கட்டா?" என்றான், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"பாக்கலாம்" என்றாள் அவள். "மொதல்ல இங்க வந்து ஒக்காரு. ரொம்ப நாளா ஆளு இல்லாம இருக்கு."

அவன் எழுந்து வந்து உட்கார்ந்தான். உட்காரும் முன் இருக்கையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டான். அதையும் கண்ணாடியில் பார்த்தேன்.

சனிக்கிழமை அவள் அம்மாவுக்கு அரை நாள் வேலை. மத்தியானம் தொழிற்சாலை பஸ் வளைவுக்கு வந்து இரண்டு ஹார்ன் அடித்தபோது, மேடைமேலும் வேலி ஓரத்திலும் வேன் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று கையாட்டினார்கள். சைக்கிளில் வந்திருந்தார்கள். சிலர் முகத்தில் பவுடர் பூசியிருந்தார்கள். முதலாம் ஆண்டுச் சிறுமியை அவள் அப்பா மோட்டாரில் கொண்டுவந்து விட்டிருந்தார். பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் சன்னல் பக்கம் வந்துவிட்டார்களாம்.

அம்மா இறங்கி, "யாரு இதுங்கல்லாம்?" என்றார்.

"பேய்ங்கம்மா" என்றாள் அவள். "என் கூட்டாளிங்க."

அம்மா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "பேய்ங்க சிராப்புத் தண்ணி குடிக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். ஐஸ் போட்ட சிவப்புச் சர்பத்து, ஒரு குடம் போதவில்லை என்று பிறகு சொன்னார். அன்று சாயங்காலம் துணிப்பையை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார். விடுமுறைக்கு அவள் செர்டாங் போனாள். பெரியம்மா வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டு அம்மாவோடு திரும்பி வந்துவிட்டாள். இப்போது ஐந்தாம் ஆண்டு. அதே வேன், அதே வீடு. அவள் பக்கத்து இருக்கைக்குத்தான் தினமும் சண்டை.

இனி அந்த மலாய்க்காரப் பையன் சொன்ன இன்னொன்று. பிள்ளைகளிடம் நான் சொல்லாதது. இதைப் படிக்கும்போதுதான் அவர்களுக்கும் தெரியப்போகிறது.

அந்தப் பெண் தனியாக இல்லை என்றான் அவன். பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றாராம். பெரிய மீசை. வாயில் புகைந்துகொண்டு ஏதோ ஒன்று, சிகரெட்டைவிடத் தடிமனாக. அவர் கையாட்டவில்லை. ஹார்னுக்குத் தலையை மட்டும் ஒரு தடவை அசைத்தாராம்.

அவனுக்கு முனியாண்டியைத் தெரியாது. நம் கோயில் எதற்குள்ளும் அவன் போனதில்லை.

சில நாள் கழித்து அவளிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். "காலையில நிக்கிறப்ப பக்கத்துல யாராச்சும் வந்து நிப்பாங்களாம்மா?"

"இல்லயே அங்கிள். ஏன்?"

"சும்மா."

அவள் யோசித்தாள். "சில நாளு சுருட்டு வாசன வரும். லோரிக்காரங்க யாராச்சும் குடிச்சிட்டுப் போவாங்க போல."

எனக்குத் தெரிந்து அந்த வழியில் சுருட்டு பிடிக்கும் லோரிக்காரர் யாரும் இல்லை. ஒட்டுக்கடையில் எல்லாரையும் பார்த்துவிட்டேன்.

இந்த ஆடியில், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடும்போது பூசாரியிடம் போனேன். இப்போதெல்லாம் நான் கோயில் வாசலிலும் இரண்டு ஹார்ன் அடிக்கிறேன், அதனால் அவருக்கு என்மேல் கோபம் இல்லை. நான் கேட்டேன்: "சாமிய அங்கருந்து எடுத்துக்கிட்டு வந்தீங்கல்ல. அவரு வந்துட்டாருன்னு எப்படித் தெரிஞ்சிச்சி?"

பூசாரி பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"கல்லு வந்துச்சி" என்றார். "சூலம் வந்துச்சி. அருவாளு வந்துச்சி."

"சாமி?"

"நீ ஒன்னு பண்ணு" என்றார் அவர். "இங்கயும் அடி. அங்கயும் அடி."

அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். எழுதித் தருகிறேன் என்று ஆசிரியையிடம் சொல்லிப் பல மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். இன்று எழுதி முடித்தேன்.

ஆடி மாதம், மூன்றாவது வெள்ளிக்கிழமை.